மனச்சோர்வுக்கு நானோ மூலிகை: மதினிக்காகக் கேட்ட தம்பிக்கு

தம்பி கேட்டது சுருக்கமாக இதுதான். அம்பாசமுத்திரம் பக்கம் ஊர். மதினிக்குப் பிள்ளை பிறந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது, இன்னும் பால் கொடுக்கிறார். மனச்சோர்வு என்று மனநல மருத்துவர் செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மாத்திரை போட ஆரம்பித்த பிறகு அழுகை குறைந்திருக்கிறது, பிள்ளையைத் தானே தூக்குகிறார். ஆனால் அண்ணனுக்கு, இது வாழ்நாள் முழுக்கத் தொடருமோ என்று பயம். இதற்கிடையில் குற்றாலம் சீசனுக்குப் போன சொந்தக்காரர் ஒருவர் மஞ்சள், வல்லாரை, நீர்ப்பிரம்மிச் சாறெல்லாம் சேர்த்தது என்று ஒரு ‘நானோ’ கேப்சூல் டப்பா வாங்கி வந்துவிட்டார். மூலிகைச் சாறும் நானோ தொழில்நுட்பமும் சேர்ந்தால் மனச்சோர்வு போகும் என்று ஆராய்ச்சிக் கட்டுரையே இருக்கிறதே, மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் கொடுக்கலாமா?

கொடுக்க வேண்டாம். மாத்திரையை நிறுத்தவும் வேண்டாம். மருந்தியல் பாடம் நடத்துகிறவன் என்ற முறையில் இதற்கான காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ‘வேண்டாம்’ என்று மட்டும் சொன்னால் அந்த டப்பா அலமாரியிலேயே இருக்கும், என்றைக்காவது ஒருநாள் திறக்கப்படும்.

முதலில், அந்த ஆராய்ச்சி பொய் இல்லை. நல்ல கேள்வியிலிருந்து கிளம்பிய ஆராய்ச்சிதான். பொதிகை மலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு மூலிகை மேல் இருக்கும் நம்பிக்கையையும் நான் குறை சொல்ல மாட்டேன். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி 1964லிருந்து நடக்கிறது. அதே மலையின் அந்தப் பக்கம், கேரளத்தில், 1987ல் காட்டுக்குள் போன விஞ்ஞானிகள் வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடி இளைஞர்களைக் கவனித்தார்கள். ஏதோ ஒரு சின்னப் பழத்தை மென்றுகொண்டு களைப்பே இல்லாமல் ஏறினார்கள் அவர்கள். அந்தச் செடிதான் ஆரோக்கியப் பச்சை. அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்ற மருந்து செய்து, 1995ல் கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றுக்கு உரிமம் கொடுத்தார்கள். அதில் வந்த பணத்தில் பாதியைக் காணி மக்களுக்கு என்று ஒதுக்கினார்கள். பாபநாசத்துக்கு மேலே மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி என்று நம் பக்கமும் காணிக் குடியிருப்புகள் உண்டு. ஆகவே மலையில் மருந்து இருக்கிறதா என்று யாரும் சந்தேகப்பட வேண்டாம். அந்த மருந்து மூளை வரைக்கும் போய்ச் சேர்கிறதா, சேர்ந்தால் என்ன செய்கிறது என்பதுதான் நம் கேள்வி.

மஞ்சளையே எடுத்துக்கொள்வோம், டப்பாவில் முதல் பெயர் அதுதானே. மஞ்சள் தூளில் குர்குமின் என்ற பொருள் ஏறக்குறைய 3 சதவீதம்தான். ஒரு தேக்கரண்டி, அதாவது சுமார் 3 கிராம் மஞ்சள் தூள் போட்டால் 90 மில்லிகிராம் குர்குமின் கிடைக்கும். மனச்சோர்வுக்கு மனிதர்களிடம் செய்த சோதனைகளில் பெரும்பாலும் நாளுக்கு 500 முதல் 1000 மில்லிகிராம் வரை கொடுத்திருக்கிறார்கள். சரி, அவ்வளவையும் சாப்பிட்டால்? தண்ணீரில் கரையாத பொருள் அது. குடலில் கொஞ்சம்தான் உறிஞ்சப்படும். அந்தக் கொஞ்சத்தையும் குடல் சுவரும் ஈரலும் உடனே வேறு பொருளாக மாற்றி வெளியே அனுப்பிவிடும். 1998ல் பெங்களூரில் செய்த ஒரு ஆய்வில், ஆட்களுக்கு 2 கிராம் குர்குமினைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கண்டுபிடிக்கவே முடியாத அளவு, இல்லையென்றால் மிக மிகக் குறைவு. அதோடு மிளகிலிருந்து எடுத்த பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்ததும் அந்த அளவு 2000 சதவீதம் கூடியது. மஞ்சளும் மிளகும் சேர்ந்த எந்த விளம்பரத்திலும் நீங்கள் பார்க்கும் 2000 இதுதான். ஒன்றுமே இல்லாத இடத்தில் 20 மடங்கு கூடினாலும் வருவது கொஞ்சம்தான் என்பதை விளம்பரம் சொல்லாது.

ரத்தத்துக்குள் வந்தாலும் வேலை முடியவில்லை. மூளைக்குப் போகும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுவர்ச் செல்கள் ஒன்றோடு ஒன்று இடைவெளி விடாமல் ஒட்டியிருக்கும். இதை ரத்த மூளைத் தடுப்பு என்போம். கொழுப்பில் கரையக்கூடிய சின்ன மூலக்கூறுகள் நுழையும், பெரியவையும் தண்ணீரில் கரைபவையும் திணறும். தப்பித் தவறி நுழைந்ததையும் திருப்பி வெளியே தள்ளுவதற்கென்றே அந்தச் செல்களில் புரதப் பம்புகள் இருக்கின்றன. வல்லாரையிலும் நீர்ப்பிரம்மியிலும் உள்ள முக்கியமான பொருட்கள் சர்க்கரை ஒட்டிய பெரிய மூலக்கூறுகள், ஆகவே அவற்றுக்கும் இதே சிரமம்.

நானோ தொழில்நுட்பம் வருவது இந்த இடத்தில்தான். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். மருந்தைச் சுமக்கும் துகள்கள் பெரும்பாலும் சில பத்திலிருந்து சில நூறு நானோமீட்டருக்குள் இருக்கும். கொழுப்பால் ஆன சிறு குமிழிக்குள் மருந்தை அடைப்பது ஒரு வழி, அதற்கு லிப்போசோம் என்று பெயர். திடக் கொழுப்புத் துகளில் கரைத்து வைக்கலாம், உடலில் தானே கரைந்து போகும் பாலிமர் உருண்டைக்குள் வைக்கலாம், இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசானிலும் பொதியலாம். குடலிலும் ஈரலிலும் சீக்கிரம் சிதையாமல் காப்பாற்றுவது, மெதுவாக வெளிவிடுவது, மூளையின் தடுப்பைத் தாண்டவைப்பது என்று மூன்றையும் குறிவைத்துச் செய்கிறார்கள். மூக்கு வழியாகக் கொடுத்துப் பார்ப்பவர்களும் உண்டு. மூக்கின் மேற்கூரையில் வாசனை நரம்பின் முனைகள் இருக்கின்றன, அந்த வழியில் மூளைக்கு ஒரு குறுக்குப் பாதை கிடைக்கிறது.

இது கற்பனை இல்லை. லிப்போசோமில் அடைத்த புற்றுநோய் மருந்துக்கு அமெரிக்காவில் 1995லேயே அனுமதி கிடைத்தது. கொரோனா தடுப்பூசிகளில் எம்ஆர்என்ஏ வகை, கொழுப்பு நானோ துகளுக்குள்தான் வந்தது. மனநல மருத்துவத்திலேயே ஒரு உதாரணம் உண்டு. மனச்சிதைவு நோய்க்கு மாதம் ஒருமுறை போடும் பாலிபெரிடோன் ஊசி, நானோ படிகமாக அரைக்கப்பட்ட மருந்து. 2009ல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆனால் அதன் உள்ளே இருந்தது ஏற்கெனவே மனிதர்களிடம் வேலை செய்கிறது என்று நிரூபணமான மருந்து. நானோ வடிவம் அதன் பயணத்தைத்தான் மாற்றியது. களக்காட்டு வாழைத்தாரை நல்ல லாரியில் ஏற்றி அனுப்பினால் அடிபடாமல் போய்ச் சேரும், தாரே பிஞ்சாக இருந்தால் லாரி என்ன செய்யும்? மூலிகை நானோ ஆராய்ச்சியில் பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். போய்ச் சேரவைப்பது ஒரு வேலை, போய்ச் சேர்ந்தது நோயைத் தீர்க்கிறது என்று காட்டுவது முற்றிலும் வேறு வேலை.

‘மூலிகை நானோ’ என்ற ஒரே பெயரில் சம்பந்தமே இல்லாத இரண்டு சமாச்சாரங்கள் புழங்குகின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்துக் கல்லூரி ஆய்வகங்களில் எம்.எஸ்.சி. புராஜெக்ட் என்றாலே அடிக்கடி கண்ணில் படுவது வெள்ளி நானோ துகள். இலையைக் கழுவி, நறுக்கி, காய்ச்சி வடித்த தண்ணீரில் கொதிக்கவைத்து வடிகட்டுவார்கள். சாறு 10 மில்லி, வெள்ளி நைட்ரேட் கரைசல் 90 மில்லி. வெளிர் மஞ்சளாக இருந்த கலவை பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்பாகி, அடர் காப்பி நிறத்துக்கு வரும். நிறமாலைமானியில் வைத்தால் 420 நானோமீட்டர் பக்கத்தில் ஒரு மேடு தெரியும். வெள்ளித் துகள் உருவாகிவிட்டது என்று அர்த்தம். மாணவர்களுக்கு அருமையான பாடம், எனக்கும் அந்த நிறமாற்றத்தைப் பார்ப்பதில் இன்னும் அலுப்பு வரவில்லை. ஆனால் இங்கே மூலிகைச் சாறு வெள்ளியைத் துகளாக்க உதவிய பொருள், அவ்வளவுதான். மூலிகையை மூளைக்குச் சுமந்து போகும் துகள் இது இல்லை. வெள்ளி உடம்பில் தங்கும், நெடுநாள் உட்கொண்டால் தோல் நீலச்சாம்பல் நிறமாகும். ‘மூலிகை நானோ’ என்று டப்பாவில் போட்டிருந்தால் இரண்டில் எது என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் இரண்டுமே இருக்காது, வெறும் பொடியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். துகள் அளவை அளந்த அறிக்கை இல்லாமல் நானோ என்று எழுதுவது வெறும் எழுத்து.

இப்போது நீங்கள் சொன்ன ஆராய்ச்சிக் கட்டுரைக்கு வருவோம். இந்த வகைக் கட்டுரைகளில் மனச்சோர்வு குறைந்தது என்றால் யாருக்குக் குறைந்தது? பெரும்பாலும் எலிக்கு. கண்ணாடி உருளை ஒன்றில் 25 டிகிரி அளவுக்குத் தண்ணீர் நிரப்பி, வெளியேற வழியில்லாதபடி சுண்டெலியை விடுவார்கள். 6 நிமிடம். முதல் 2 நிமிடத்தை விட்டுவிட்டு, மீதி 4 நிமிடத்தில் எத்தனை விநாடி நீந்தாமல் அசையாமல் மிதந்தது என்று கணக்கெடுப்பார்கள். மருந்து கொடுத்த எலி கூடுதல் நேரம் நீந்தினால் மனச்சோர்வு எதிர்ப்புக் குணம் இருக்கிறது என்று எழுதுவார்கள். 1977லிருந்து இருக்கும் சோதனை இது, புதிய மருந்துகளைச் சலித்தெடுக்கப் பயன்பட்டிருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தண்ணீரில் அசையாமல் மிதக்கும் எலி தெம்பை மிச்சப்படுத்துகிறதா, நம்பிக்கை இழந்துவிட்டதா என்று ஆராய்ச்சியாளர்களுக்குள்ளேயே சண்டை ஓய்ந்தபாடில்லை. நடுராத்திரி தூங்கும் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு, நான் தாயாக இருக்கத் தகுதி இல்லாதவள் என்று நினைத்து அழும் ஒரு பெண்ணின் நோயை அந்த 4 நிமிடம் எவ்வளவு தூரம் பிடித்துக் காட்டும்?

அளவையும் பாருங்கள். சுண்டெலிக்கு எடை கிலோ ஒன்றுக்கு 100 மில்லிகிராம் கொடுத்தோம் என்று கட்டுரை சொன்னால், அதை 12 ஆல் வகுத்தால்தான் மனிதனுக்கு உத்தேச அளவு வரும். 60 கிலோ எடையுள்ளவருக்குச் சுமார் 500 மில்லிகிராம், அதுவும் செறிவூட்டிய சாறு. டப்பாவில் அந்தச் சாறு எத்தனை மில்லிகிராம், எந்தப் பொருளுக்கு அளந்தது என்று எழுதியிருக்கிறதா பாருங்கள்.

மனிதர்களிடம் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. ஐரோப்பாவில் புனித ஜான் பூண்டு என்று ஒரு மஞ்சள் பூச்செடி. மருத்துவச் சோதனைகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் தொகுப்பு ஒன்று 2008ல் வந்தது. அது 29 சோதனைகளை, 5,489 நோயாளிகளைச் சேர்த்துப் பார்த்தது. போலி மாத்திரையைவிட மேல், வழக்கமான மனச்சோர்வு மாத்திரைகளுக்கு ஏறக்குறையச் சமம், பக்கவிளைவு குறைவு என்று வந்தது. குங்குமப்பூ நாளுக்கு 30 மில்லிகிராம் கொடுத்து ஈரானில் பல சிறிய சோதனைகள் நடந்து, முடிவுகள் நம்பிக்கை தருபவையாக இருந்தன. குர்குமினுக்கும் மிதமான பலன் காட்டிய சோதனைகள் உண்டு. நானோ குர்குமினைச் சர்க்கரை நோயாளிகளிடம் கொடுத்து மனச்சோர்வு மதிப்பெண் குறைந்ததாகச் சொன்ன சிறு சோதனையும் உண்டு. பால் கொடுக்கும் தாய்மாருக்கு இந்த நானோ மூலிகை எதையும் கொடுத்துப் பார்த்து இது பத்திரமானது என்று காட்டிய சோதனையை நான் பார்த்ததில்லை. உங்கள் மதினி விஷயத்தில் எனக்கு இது ஒன்றே போதும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். மூலிகைதானே, பலன் இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்வோம். அந்த டப்பா வாங்கியவரும் அப்படித்தான் நினைத்திருப்பார். மேலே சொன்ன புனித ஜான் பூண்டையே பாருங்கள். வேலை செய்கிறது என்று உறுதியாகத் தெரிந்த அதே செடிதான், ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளை முடுக்கிவிடுகிறது. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின், மாற்றுச் சிறுநீரகத்தை உடம்பு தள்ளாமல் இருக்கத் தரும் சைக்ளோஸ்போரின், எச்ஐவி மருந்துகள் எல்லாவற்றின் பலனையும் குறைத்துவிடும். செர்ட்ராலினோடு சேர்ந்தால், நரம்புகளுக்கு இடையே செய்தி கடத்தும் செரட்டோனின் என்ற பொருள் அளவுக்கு மீறிக் கூடி நடுக்கம், வியர்வை, காய்ச்சல், படபடப்பு என்று ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதாகும். பலன் தருகிற செடி என்றால் அது உடம்பின் வேதியியலில் கை வைக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் மாத்திரையோடு மோதவும் அதனால் முடியும்.

நம் மலைச் செடியிலேயே இன்னும் பழைய உதாரணம் சர்ப்பகந்தா. அதன் வேரிலிருந்து 1952ல் ரிசர்பின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து உலகம் முழுக்க ரத்தக்கொதிப்புக்குக் கொடுத்தார்கள். எடுத்தவர்களில் ஒரு பகுதியினர் மனச்சோர்வில் விழுந்தார்கள் என்று 1950களில் மருத்துவர்கள் எழுதினார்கள். அது மூளையில் செரட்டோனின், நார்அட்ரினலின் போன்றவற்றின் இருப்பைக் காலி செய்கிறது என்று பிறகு தெரிந்தது. மனச்சோர்வின் வேதியியலைப் பற்றிய கோட்பாடு உருவானதற்கே அந்தக் கண்டுபிடிப்பு ஒரு காரணம். இன்றைக்கும் தூக்கத்துக்கு, கொதிப்புக்கு என்று அந்த வேரை வாங்குகிறவர்கள் உண்டு. மனச்சோர்வு உள்ளவர் வீட்டில் அதை வைத்திருக்கவே வேண்டாம்.

நானோ சேர்ந்தால் இந்த விஷயம் இன்னும் கூர்மையாகிறது. சமையல் மஞ்சள் நமக்குப் பத்திரமானது, காரணம் அதில் பெரும்பகுதி ரத்தத்துக்கே போவதில்லை. போகவைத்துவிட்டால், பாட்டி காலத்திலிருந்து சாப்பிடுகிறோம் என்ற சான்றிதழ் செல்லாது. அது வேறு பொருள், வேறு அளவு, வேறு பாதை. உறிஞ்சுதலைக் கூட்டிய மஞ்சள் கேப்சூல்களால் ஈரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி இத்தாலியிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் மருத்துவ அறிக்கைகள் வந்திருக்கின்றன. பைப்பரின் மஞ்சளுக்கு மட்டும் கதவைத் திறக்காது, கூடவே சாப்பிடும் வேறு சில மாத்திரைகளின் அளவையும் ரத்தத்தில் ஏற்றும். வசம்பை உதாரணமாகப் பாருங்கள், அதிலுள்ள ஒரு பொருள் எலிகளுக்குப் புற்றை உண்டாக்கியது என்று 1968லேயே அமெரிக்கா உணவில் அதைத் தடை செய்தது. மூளைக்கு நல்லது என்று அதையும் நானோ ஆக்கினால், நல்லது எவ்வளவு கூடுதலாகப் போகுமோ அவ்வளவு அந்தக் கெட்ட பொருளும் போகும். மருந்தைப் போய்ச் சேரவைக்கும் திறமை கூடக்கூடச் சோதனையும் கூட வேண்டும். கடையில் கிடைக்கும் டப்பாக்களில் திறமையின் பெயர் இருக்கிறது, சோதனை இல்லை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 14 இலக்க உணவு உரிம எண் மட்டும் இருந்தால் அது சட்டப்படி உணவுப் பொருள், நோயைக் குணப்படுத்தும் என்று சோதித்து அனுமதித்த மருந்து இல்லை. சித்த மருந்து என்றால் மருந்துத் தயாரிப்பு உரிம எண் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் மேலே யோசிக்கவே வேண்டாம். உலோகங்களையும் தாதுக்களையும் புடம்போட்டுச் செய்யும் பற்பம், செந்தூரம் சேர்ந்திருந்தால் இன்னும் கவனம். 2008ல் வெளிவந்த ஒரு அமெரிக்க ஆய்வில், இணையத்தில் விற்ற 193 ஆயுர்வேதத் தயாரிப்புகளில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்றில் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. பால் குடிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டில் இந்தச் சந்தேகம் ஒன்றே போதும்.

இனி அண்ணனின் பயத்துக்கு. செர்ட்ராலின் போதைப் பொருள் இல்லை, அதற்காக மனம் ஏங்காது, அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதும் இல்லை. பால் கொடுக்கும் தாய்மாருக்கு மருத்துவர்கள் முதலில் தேர்ந்தெடுக்கும் மாத்திரைகளில் ஒன்று அது, பாலில் மிகக் குறைவாகவே கலக்கும். ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். வீட்டார் அதைப் பார்த்து, பாருங்கள் அடிமையாகிவிட்டாள் என்பார்கள். நன்றாகத் தேறிய பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர்ந்து, அப்புறம் மருத்துவர் சொல்லும் வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பதுதான் முறை. எப்போது குறைக்கலாம் என்று அண்ணனே மருத்துவரிடம் நேராகக் கேட்கட்டும், அது கேட்க வேண்டிய கேள்விதான். தைராய்டும் ரத்த அளவும் பார்த்தார்களா என்றும் கேட்கச் சொல்லுங்கள். பிள்ளை பெற்ற பிறகு தைராய்டு தடுமாறுவது உண்டு, அதுவும் சோர்வாகத்தான் தெரியும்.

சித்த மருத்துவம் வேண்டும் என்று மதினியே ஆசைப்பட்டால் தடுக்காதீர்கள். நம் ஊரில் அது கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் சித்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியும் இரண்டும் பாளையங்கோட்டையில்தான். மாத்திரை அட்டையைச் சித்த மருத்துவரிடமும், அவர் எழுதிக் கொடுத்ததை மனநல மருத்துவரிடமும் காட்டுங்கள். மூலிகை சாப்பிடுகிறோம் என்று சொன்னால் திட்டுவார்கள் என்று பயந்து மறைப்பவர்கள்தான் அதிகம், அந்த மறைப்பில்தான் ஆபத்து. வல்லாரைத் துவையல், ரசத்தில் மிளகு, குழம்பில் மஞ்சள் எல்லாம் எப்போதும் போல இருக்கட்டும். சாயங்காலம் பிள்ளையை நீங்களோ அத்தையோ வாங்கிக்கொண்டு மதினியை அரை மணி நேரம் நடக்க விடுங்கள். உடலசைவுக்கு மனச்சோர்வைக் குறைக்கும் குணம் உண்டு என்பதற்கு மனிதர்களிடம் செய்த சோதனைகளே நிறைய இருக்கின்றன. ராத்திரி ஒரு வேளையாவது வேறு யாராவது பிள்ளையைப் பார்த்துக்கொண்டால் தொடர்ந்து சில மணி நேரம் தூங்குவார். அந்த டப்பாவின் விலைக்கு இதைவிட நல்ல உதவி வராது.

இருக்கவே பிடிக்கவில்லை என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது என்றோ மதினி சொன்னால், அல்லது தூக்கமே இல்லாமல் சம்பந்தமில்லாமல் பேச ஆரம்பித்தால், அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றைக்கே ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, அதாவது மேலே சொன்ன மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள், தனியாக விடாதீர்கள். ராத்திரி நேரத்தில் யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 14416க்குப் போன் போடுங்கள். அரசின் டெலிமானஸ் சேவை அது, காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். கேப்சூல் ஏற்கெனவே கொடுத்திருந்தால் எத்தனை நாள், எத்தனை என்று ஒரு தாளில் எழுதி, டப்பாவையும் மாத்திரை அட்டையையும் ஒரே பையில் போட்டு அடுத்த ஓபிக்கு எடுத்துப் போங்கள்.